சீ ஆஃப் தீவ்ஸ்: ஐந்து வருடம் கடலில் இருந்த பிறகு

சீ ஆஃப் தீவ்ஸ் என்ற கடற்கொள்ளை வீடியோ கேமை, 2020 ஜூனில் ஸ்டீம் என்ற இணையக் கடையில் வந்தபோது வாங்கினேன். அன்றிலிருந்து வாரத்துக்கு இரண்டு மூன்று இரவாவது நானும் நண்பனும் ஸ்லூப்பில் ஏறிவிடுகிறோம். ஒரே பாய்மரம், பக்கத்துக்கு ஒரு பீரங்கி, இருவர் ஓட்டும் சின்னக் கப்பல். இத்தனை நாள் ஆடியதில் எனக்கு உறுதியாகப் பட்டது இதுதான்: சண்டைக்கு முந்தைய அரை மணி நேரம் எப்படிக் கழிகிறதோ, அதைப் பொறுத்துத்தான் சண்டைக்கே ருசி வருகிறது.

அந்த அரை மணி நேரத்தில் என்ன நடக்கிறது? பாயை முழுதாக விரித்தால் கப்பல் வேகமெடுக்கும், ஆனால் சுக்கான் பிடிப்பவருக்கு முன்னால் இருப்பது தெரியாது. பாய் மறைத்துக்கொள்ளும். வரைபடமோ கீழ்த்தளத்தில் இருக்கிறது. ஆக, ஒருவர் முன்பக்கம் நின்று பாறை வருகிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் கீழே ஓடிப்போய்ப் படம் பார்க்க வேண்டும். பேசாமல் ஓட்டவே முடியாது. அப்புறம் சமையல். மீன் வேக 40 நொடி, கோழியும் பன்றியும் ஒரு நிமிடம், மெகலடான் என்ற ராட்சதச் சுறாவின் இறைச்சிக்கு இரண்டு நிமிடம். திரையில் கடிகாரம் எதுவும் ஓடாது. சட்டியில் நிறம் மாறுவதைப் பார்த்து எடுக்க வேண்டும். விட்டால் கருகிவிடும். புதிதாக வருபவர்கள் இதைப் பொழுதுபோக்கு என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுகிறார்கள். வெந்த இறைச்சி வாழைப்பழத்தைவிட அதிக உயிர் தரும், அதற்கு மேலும் கொஞ்சம் சேமித்து வைக்கும். வாள்சண்டையில் இரண்டாவது வெட்டு வாங்கிய பிறகும் நிற்பவர் யார் என்பது, பல நேரம், பத்து நிமிடத்துக்கு முன் அடுப்புப் பக்கம் யார் நின்றார் என்பதில் இருக்கிறது.

ஒரு இரவை மட்டும் சொல்கிறேன். அழுகிற பெட்டி ஒன்று எங்கள் கையில் கிடைத்தது. ஆங்கிலத்தில் சோகப் பெட்டி என்றே பெயர். கப்பலில் வைத்தால் விட்டுவிட்டு அழும், அழும்போது கண்ணீரில் கப்பல் நிறையும். நண்பன் அரை மணி நேரமாக வாளியில் மொண்டு மொண்டு கடலில் ஊற்றிக்கொண்டிருந்தான். பின்னால் மூன்று பாய்மரம் தெரிந்தது, கேலியன். நான்கு பேர் கப்பல், பக்கத்துக்கு நான்கு பீரங்கி. "மச்சி, எதிர்க்காத்துல திருப்புடா" என்றான். காற்று பின்னாலிருந்து அடித்தால் கேலியனை ஸ்லூப் முந்தவே முடியாது, எதிரே அடித்தால் ஸ்லூப்தான் வேகம். திருப்பினேன், இடைவெளி கூடியது. ஆனால் அவர்களில் ஒருவர் தன்னையே பீரங்கியில் போட்டுச் சுட்டுக்கொண்டு வந்து எங்கள் தளத்தில் விழுந்து, நங்கூரத்தை இறக்கிவிட்டார். கப்பல் நின்றது. கேலியன் பக்கத்தில் வந்து ஒட்டியது. நான் பலகையை எடுத்து ஓட்டை அடைத்துக்கொண்டிருக்கிறேன், நண்பனைக் காணோம். அந்த அழுகிற பெட்டியைத் தூக்கிக்கொண்டு தண்ணீரில் குதித்து, ஏணி வழியாக ஏறி, கேலியனின் அடித்தளத்தில் ஒரு மூலையில் வைத்துவிட்டு வந்திருக்கிறான். நால்வரும் மேலே எங்களைச் சுடுவதில் மும்முரம். கீழே தண்ணீர் ஏறுவதைப் பார்க்க ஆளில்லை. கடைசிப் பலகையை நான் அடித்து முடித்தபோது அந்தக் கப்பல் மூக்கைத் தாழ்த்தியது.

அரை மணி நேரம் எங்களைப் படுத்திய சுமையே ஆயுதமானது. அந்தப் பெட்டியை ஏதோ பட்டியலிலிருந்து எடுத்துச் சண்டைக்கு வந்திருந்தால் இந்த இரவு எனக்கு நினைவிலேயே இருந்திருக்காது.

இதே காரணத்தால்தான் அரினா என்ற தனிச் சண்டைக்களம் நிலைக்கவில்லை என்று நினைக்கிறேன். 2019 ஏப்ரலில் வந்தது, 2022 மார்ச்சில் மூடப்பட்டது. நேராகப் போட்டி, நேராகப் புள்ளி. பயணம் இல்லை. 2022 நவம்பரில் சீசன் 8இல் வந்த மணற்கடிகாரம் என்ற சண்டை முறை எவ்வளவோ மேல். கேப்டன் மேசையில் வாக்களித்தால் கப்பல் மூழ்கி எதிரியின் அருகே எழும்பும், ஆனால் பீப்பாயில் நாம் சேர்த்து வைத்ததோடுதான் இறங்க வேண்டும். தொடர்ந்து ஜெயிக்க ஜெயிக்கப் பரிசு கூடும், எப்போது நிறுத்துவது என்று இருவரும் வாதாட வேண்டும். அந்த வாதத்துக்காகவே அது எனக்குப் பிடிக்கும்.

2020 ஏப்ரலில் வந்த, ஒரு வணிகக் குழுவின் பிரதிநிதி என்று காட்ட ஏற்றும் எமிசரி கொடியும் அதே மாதிரி நல்ல யோசனை. ஐந்தாம் நிலைக்குப் போனால் விற்கும் பொருளுக்கு இரண்டரை மடங்கு பொன் கிடைக்கும். ஆனால் கொடி தூரத்திலிருந்தே தெரியும், மூழ்கடித்தவர் அந்தக் கொடியைக் கொண்டுபோய் ரீப்பர்ஸ் போன்ஸ் என்ற குழுவிடம் விற்கலாம். யாரைத் துரத்துகிறோம், எதற்காக என்பது துப்பாக்கி வெடிப்பதற்கு முன்பே இருவருக்கும் தெரிகிறது. பொன்னால் வாங்குவது பெரும்பாலும் அலங்காரம்தான். முதல் நாள் ஆடுபவரின் வாளும் என் வாளும் ஒரே வெட்டு. அதனால் தோற்றால் போவது நம் மாலைப்பொழுது மட்டும். அது சின்ன இழப்பில்லை, அதே நேரம் மறுநாள் விளையாட வரவிடாத இழப்பும் இல்லை. வேறொரு கடற்கொள்ளை விளையாட்டில் நாங்கள் தூங்கும்போது கரையில் கட்டியதையெல்லாம் இடித்துவிட்டுப் போனார்கள். அதற்கப்புறம் அந்தப் பக்கம் போகவில்லை.

இன்னும் குறையாக நான் நினைப்பது சரணடைதல். 18ஆம் நூற்றாண்டுக் கொள்ளையர்கள் கறுப்புக் கொடி ஏற்றியதே சண்டை போடாமல் வணிகக் கப்பல் பணிய வேண்டும் என்றுதான். சிவப்புக் கொடி என்றால் யாரையும் விடமாட்டோம் என்று அர்த்தம். இந்த வகை விளையாட்டுகளில் பாதிச் சரக்கைக் கொடுத்துவிட்டுக் கப்பலோடு தப்புவதற்கு, இருவரையும் கட்டுப்படுத்தும் ஒரு வழி இருந்தால், துரத்தலின் முடிவு ஒன்றுக்கு மேற்பட்டதாக இருக்கும். இப்போது வாயால் பேசி, நம்பித்தான் செய்ய வேண்டும். நம்பி இரண்டு முறை சுடப்பட்டேன், ஒரு முறை காப்பாற்றப்பட்டேன்.

நம் கப்பலில் ஏறி உட்கார்ந்து, நாம் செத்துத் திரும்பி வரவர வெட்டுபவர்களும் உண்டு. அங்கே பிடிவாதம் வேண்டாம். மெனுவில் கப்பலை நாமே மூழ்கடிக்கும் வசதி இருக்கிறது, புதிய கப்பல் வேறு தீவில் கிடைத்துவிடும்.

தனியாகத் தொடங்குபவர்கள் 2023 டிசம்பரில் வந்த சேஃபர் சீஸ் என்ற தனிக்கடல் முறையில் சில வாரம் ஓட்டிப் பாருங்கள். மற்ற ஆட்டக்காரர்களின் கப்பல் வராது. சமையலும் வரைபடமும் கை பழகட்டும். பிறகு ஒருவரைக் கூட்டிக்கொண்டு பெரிய கடலுக்கு வாருங்கள். கூட்டத்தில் கான்சர்டினா என்ற சின்னத் துருத்தி வாத்தியத்தை வாசிக்க ஒருவர் எடுத்தால் அடுத்தவர் மேளம் எடுங்கள், இரண்டும் தானாக ஒரே பாட்டில் சேர்ந்துகொள்ளும். 18ஆம் நூற்றாண்டுக் கொள்ளையர் பார்தலோமியூ ராபர்ட்ஸின் கப்பல் உடன்படிக்கையில்கூட வாத்தியக்காரருக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் ஓய்வு என்று எழுதியிருந்தது.