தலைமைப் பொறுப்பில் இருப்பவருக்கு யார் தேவை: கோச்சா, மென்டரா?

அலுவலகப் பேச்சில் கோச் (கேள்விகளால் விடைகாண உதவுபவர்), மென்டர் (தம் அனுபவத்தால் வழிகாட்டுபவர்) என்ற இரு சொற்களும் ஒன்றுக்கு மாற்றாக மற்றொன்று புழங்கினாலும், இருவரும் செய்யும் வேலை வேறு. போருக்குப் போன நண்பனின் மகனைக் கவனித்துக்கொண்ட மென்டர் என்ற கிரேக்கக் காவியப் பெரியவரின் பெயரே பின்னாளில் பொதுச்சொல்லாயிற்று. கோச் என்பதோ ஹங்கேரியின் கோச் என்ற ஊரில் செய்யப்பட்ட குதிரை வண்டியிலிருந்து வந்த சொல். வண்டி போகும் இடத்தைத் தீர்மானிப்பவர் பயணிதான்; கோச்சிங்கிலும் அப்படியே.

வேறுபாடு கூர்மையாகத் தெரிவது உரையாடலில். புதிதாக மேலாளரான ஒருவர், நேற்றுவரை தமக்குச் சமமாக இருந்தவரைக் கண்டிக்கத் தயங்குகிறார் என்று கொள்வோம். மென்டர், அதே நிலையில் தாம் என்ன செய்தார், எங்கே சறுக்கினார் என்று சொல்வார். கோச் தம் கதையைச் சொல்லாமல், எதை அடைய விரும்புகிறீர்கள், இப்போதைய நிலை என்ன, என்னென்ன வழிகள் உண்டு, எதைச் செய்யப் போகிறீர்கள் என்று, 1990-களில் பரவலான குரோ (GROW) என்ற கோச்சிங் முறையின் வரிசையில் கேட்டு, விடையை அவரிடமிருந்தே வரவழைப்பார். (கேட்கத் தெரியாத கோச்சிடம் இது வெறும் விசாரணையாகிவிடும்.) ஆகவே துறையின் நெளிவுசுளிவு தெரியாதவருக்கு மென்டரையும், தெரிந்தும் செய்ய முடியாமல் தடுமாறுபவருக்குக் கோச்சையும் நான் பரிந்துரைப்பேன்.

கோச்சிங் பெரும்பாலும் கட்டணத்துடன் சில மாதங்கள் நடப்பது. 1995-இல் தொடங்கப்பட்ட சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பு இதற்குச் சான்றிதழும் வழங்குகிறது. மென்டரிங் ஆண்டுக்கணக்கில் நீளலாம், பெரும்பாலும் கட்டணமில்லை. ஆனால் நேரடி மேலதிகாரியை மென்டராக்குவது சரிவராது. தம்மை மதிப்பிட்டு ஊதிய உயர்வை முடிவுசெய்பவரிடம் தம் பலவீனத்தை எவரும் எளிதில் ஒப்புக்கொள்வதில்லை.