பெர்டோயா டைமண்ட் சேர்: உட்காரவும் செய்யலாம், சுத்தி வந்து பாக்கவும் செய்யலாம்

ஹாரி பெர்டோயா டிசைன் பண்ண டைமண்ட் சேர், ஒருத்தர் யூஸ் பண்ணது, கொஞ்ச காலமா எங்க வீட்டு ஹால்ல இருக்கு. முழுக்க ஸ்டீல் கம்பிதான், வளைச்சு கட்டம் கட்டமா வெல்டிங் பண்ணிருக்காங்க, பாதிக்கு மேல வெறும் காத்து, ஆனா உட்கார்ந்தா உடம்பை அப்படியே வாங்கிக்குது, லேசா ஆடியும் கொடுக்குது. வெயில் நேரத்துல தரையில விழுற நிழலையும் சேத்துதான் நான் மார்க் போடுவேன்.

இதை வெறும் ஃபர்னிச்சரா மட்டும் பாக்காதீங்க. பெர்டோயா 1915ல இத்தாலியில பொறந்து 15 வயசுல டெட்ராய்ட் வந்தவரு. அப்புறம் கிரான்புரூக்னு ஒரு கலைப் பள்ளியில படிச்சு, அங்கயே மெட்டல் வேலை சொல்லிக் கொடுத்தாரு, இரண்டாம் உலகப் போர் வந்து உலோகத்துக்கு தட்டுப்பாடு ஆனதும் கொஞ்சூண்டு உலோகம் போதும்னு நகை செஞ்சாரு. அதே சமயத்துல மோனோடைப்னு ஒரே ஒரு பிரதி மட்டும் எடுக்குற ஓவியங்களும் போட்டுட்டே இருந்தாரு, அதுல ஏறக்குறைய நூறை நியூயார்க் குகன்ஹைம் மியூசியம் ஆளுங்களுக்கு அனுப்பி வச்சாரு, 1943ல அவங்க ஷோவுல வச்சாங்க, விலைக்கும் வாங்கினாங்க. சார்லஸ் ஈம்ஸ்ங்கற ஃபர்னிச்சர் டிசைனரோட சேர்ந்து கலிஃபோர்னியாவுல பிளைவுட் வேலை பாத்ததும் இந்தக் காலத்துலதான். அப்புறம் நோல்ங்கற ஃபர்னிச்சர் கம்பெனி கூப்பிட்டு, இஷ்டத்துக்கு ஏதாவது பண்ணுங்கன்னு பென்சில்வேனியாவுல ஒர்க்‌ஷாப் போட்டுக் கொடுத்தாங்க. 1952ல வந்தது இந்த சேர், இதோட அண்ணன் தம்பிகளும். மெஷின்ல பண்ண வழி கிடைக்காததால ஆரம்பத்துல கம்பிய கையாலதான் வளைச்சாங்களாம்.

எனக்கு ரொம்ப புடிச்சது இதுக்கு அப்புறம் நடந்ததுதான். சேர் சக்கைப்போடு போட்டுச்சு, நோல்கிட்ட இருந்து மொத்தமா ஒரு தொகை வந்துச்சு, வேற யாரா இருந்தாலும் அடுத்த சேர் போட்டிருப்பாங்க, இவரு ஃபர்னிச்சரையே விட்டுட்டு முழுநேரமா சிற்பம் பண்ணப் போயிட்டாரு. அமெரிக்காவுல எம்ஐடி பல்கலைக்கழகத்தோட சேப்பல்ல (பிரார்த்தனைக் கூடம்) பீடத்துக்குப் பின்னாடி மேல இருந்து தகடு தகடா வெளிச்சத்தை வாங்கிட்டு ஒரு சிற்பம் இறங்குமே, அது 1955ல இவர் செஞ்சது. 1960ல இருந்து தட்டினா பாடுற உலோகக் கம்பிச் சிற்பங்கள், பென்சில்வேனியாவுல ஒரு பழைய கொட்டகையில வச்சு அந்த சத்தத்தை ரெக்கார்டே பண்ணி வச்சாரு. 1978ல போய்ச் சேர்ற வரைக்கும் அதேதான் வேலை.

இதெல்லாம் தெரிஞ்சுட்டு இந்த சேரை பாத்தா, அந்தக் கம்பி ஆசை இதுலயே முழுசா இருக்கு, சிற்பிதான் கேட்டவங்களுக்காக ஒரு சேர் பண்ணிக் கொடுத்திருக்காரு, அவ்வளவுதான்.

வாங்குறவங்களுக்கு: சீட் குஷனோட வாங்குங்க, படிக்க உட்கார்ந்தா எந்திரிக்கவே மனசு வராது. சாப்பாட்டு டேபிளுக்கு இது வேண்டாம், அகலம் ஜாஸ்தி, அதுக்கு இதே வரிசையில சைடு சேர் இருக்கு. முட்டி வலி இருக்குற பெரியவங்களுக்கும் இவ்வளவு தாழ்வான சேர் வேண்டாம். டூப்ளிகேட் நிறைய சுத்துது, வெல்டிங் சந்துங்களை கிட்ட போய் தடவிப் பாருங்க, கை உறுத்தக் கூடாது. இப்போ வர்ற ஒரிஜினல்ல அடி ஃபிரேம்ல கம்பெனி பேரும் பெர்டோயா கையெழுத்தும் அச்சு குத்தியிருக்கும். விலை ஜாஸ்திதான், நான் மறுபடியும் வாங்குவேன், அடுத்தது இதே வரிசையில வர்ற அந்த உயரமான பேர்ட் சேர்.