பூனையை போர்டிங்கில் விட்டுவிட்டு ஊருக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு

சென்னையில் பூனையை போர்டிங்கில் விட்டுவிட்டு வெளியூர் போக நினைப்பவர்கள் தயவுசெய்து இதை முழுவதும் படியுங்கள். ‘பூனைகளுக்குத் தனி ஏசி அறை, இரவிலும் ஆள் இருக்கும், தினமும் போட்டோ, வீடியோ’ என்று சொல்லி நாளுக்கு 700 ரூபாய் வாங்கிய இடத்தில், என் பூனை மிளகு நாய்க்கூண்டுகளுக்கு நடுவில் பட்டினி கிடந்து, சிறுநீர் அடைத்துப்போய்க் கிடந்தான். உயிர் பிழைத்ததே பெரிய விஷயம்.

அம்மாவுக்குக் கோயம்புத்தூரில் மூட்டு அறுவை சிகிச்சை. வழக்கமாக மிளகைப் பார்த்துக்கொள்ளும் மாடி வீட்டு அக்கா, மகளின் பிரசவத்துக்காக ஊருக்குப் போயிருந்தார். அதனால்தான் போர்டிங். அந்த இடத்தை நேரில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் பணம் கட்டினேன். காட்டிய அறை உண்மையிலேயே நன்றாக இருந்தது. ஏறி உட்காரச் சுவரில் பலகைகள், ஜன்னலுக்கு வலை, சுத்தமான தரை. “இப்பத்தான் எல்லாப் பூனையும் வீட்டுக்குப் போச்சு மேடம்” என்றார்கள். முழுப் பணத்தையும் ஜிபேயில் வாங்கிக்கொண்டார்கள். பில் தரவில்லை. ‘எது நடந்தாலும் நிர்வாகம் பொறுப்பல்ல’ என்ற தாளில் மட்டும் கையெழுத்து வாங்கினார்கள்.

மிளகைத் தயார்படுத்துவதில் எதையும் விட்டுவைக்கவில்லை. கேரியரை முன்கூட்டியே ஹாலில் திறந்து வைத்து, உள்ளே என் பழைய நைட்டியைப் போட்டு, அவனாகவே போய்ப் படுக்கும் அளவுக்குப் பழக்கியிருந்தேன். முத்தடுப்பு ஊசி, ரேபிஸ் ஊசி, குடற்புழு மருந்து எல்லாம் போட்டு, அட்டையையும் கொடுத்தேன். உணவை வேளைக்கு ஒரு கவராக அளந்து கட்டினேன். மலஜலம் கழிக்க அவன் வீட்டில் பழகிய அதே மணல் ஒரு மூட்டை. ‘ஆண் பூனை, கருத்தடை செய்தது, முன்பே சிறுநீரில் படிகம் வந்திருக்கிறது, ஒரு நாள் சிறுநீர் போகாவிட்டால் உடனே டாக்டரிடம் கொண்டுபோகவும்’ என்று பெரிய எழுத்தில் எழுதி, டாக்டரின் எண்ணோடு கேரியரிலேயே ஒட்டினேன்.

தினமும் காலையில் போட்டோ வந்தது. “நல்லா சாப்பிடுறான் மேடம், செம ஜாலியா இருக்கான்.” வீடியோ கால் கேட்டால் மட்டும் நெட் இல்லை, ஆள் வெளியே போயிருக்கிறார், இப்போதுதான் தூங்கினான் என்று ஏதாவது ஒன்று. ஒருநாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அன்று வந்த போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பின்னால் சுவரில் தினசரி காலண்டர். கிழிக்கும் தாளில் சிவப்பு எழுத்தில் ஞாயிற்றுக்கிழமை. நான் அவனைக் கொண்டுபோய் விட்ட நாள். அதற்கு முன்னால் வந்த போட்டோக்களையும் வரிசையாகத் திறந்தேன். எல்லாவற்றிலும் அதே தாள். தண்ணீர்க் கிண்ணத்தின் விளிம்பில் ஒட்டியிருந்த ஒற்றை உணவுத் துணுக்குகூட இடம் மாறவில்லை. முதல் நாளே வேறு வேறு பக்கத்திலிருந்து எடுத்து வைத்துக்கொண்டு, நாளுக்கு ஒன்றாக அனுப்பியிருக்கிறார்கள்.

தம்பியை உடனே அங்கே போகச் சொன்னேன், போன் பண்ணாமல். காட்டிய அறையில் மிளகு இல்லை. பின்பக்கம் தகரக் கூரைக்குக் கீழே அடுக்கி வைத்த கூண்டுகளில், கீழே குரைத்துக்கொண்டே இருக்கும் ஒரு லாப்ரடார், அதற்கு மேலே இவன். திரும்பிப் படுக்க இடமில்லை. மணலுக்குப் பதில் நனையாத செய்தித்தாள். கிண்ணத்தில் காய்ந்துபோன தயிர்சாதம். நான் கொடுத்த கவர்களில் பெரும்பாலானவை பிரிக்காமல் அலமாரியில் இருந்தன. தம்பி தூக்கியபோது வயிற்றில் கை பட்டதும் மிளகு கத்தியிருக்கிறான். அவன் கத்தும் பூனையே இல்லை.

நேராக வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோனான். சிறுநீர்ப்பை டென்னிஸ் பந்து மாதிரி இறுகியிருந்தது. மயக்கம் கொடுத்து, டியூப் விட்டு, அடைப்பைக் கழுவி எடுத்து, டிரிப் ஏற்றினார்கள். ஆண் பூனையின் சிறுநீர்க் குழாய் மிகவும் குறுகல். பயந்துபோய்த் தண்ணீர் குடிக்காமல், சரியான இடம் இல்லாமல் அடக்கிக்கொண்டே இருந்தால், பை அழற்சியாகி, படிகமும் சளியும் சேர்ந்து அடைத்துவிடும். அப்புறம் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத்தைப் பாதிக்கும். ஒன்றிரண்டு நாளிலேயே உயிர் போகலாம்.

இதை அந்த போர்டிங்காரர்களிடம் சொன்னபோது வந்த பதில்: “புது இடம்னா பூனை ரெண்டு மூணு நாள் சாப்பிடாது மேடம், அதெல்லாம் சகஜம்.” இது ஆபத்தான பேச்சு. இதை நம்பாதீர்கள். பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தாலே உடம்பில் உள்ள கொழுப்பு ஈரலில் போய்ச் சேரத் தொடங்கிவிடும். கொஞ்சம் குண்டான பூனைக்கு இன்னும் ஆபத்து. ஒரு நாள் முழுக்க எதையும் தொடவில்லை என்றாலே டாக்டரிடம் கேட்டுவிட வேண்டும். இன்னொன்று, அங்கே வேறு எந்தப் பூனையின் தடுப்பூசி அட்டையையும் அவர்கள் கேட்பதாகத் தெரியவில்லை. பூனைகளுக்கு வரும் பன்லூக்கோபீனியா என்ற கொடிய தொற்றுநோயின் வைரஸ் ஓர் இடத்தில் மாதக்கணக்கில், ஒரு வருடம்கூட உயிரோடு இருக்கும். வழக்கமாகத் தரை துடைக்கும் பல லோஷன்களுக்கு அது சாகாது, பிளீச்சிங் கலந்த தண்ணீர் வேண்டும். ஊசி முடிக்காத குட்டிகளைத் தயவுசெய்து அப்படிப்பட்ட இடங்களில் விடாதீர்கள்.

பணம் திரும்ப வரவில்லை. கேட்டால் கையெழுத்துப் போட்ட தாளைக் காட்டுகிறார்கள். அப்படி எழுதி வாங்கியிருந்தாலும் சேவைக் குறைபாடு என்று புகார் கொடுக்கலாம் என்று தெரிந்த வக்கீல் சொன்னார். நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிந்துவிட்டேன். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே மனுப்போடலாம், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. ஜிபே ரசீது, போட்டோக்கள், மருத்துவமனைச் சீட்டு எதையும் அழிக்காதீர்கள்.

முடிந்தவரை பூனையை வீட்டிலேயே விட்டு, தெரிந்தவர் யாரையாவது காலையும் மாலையும் வந்து போகச் சொல்லுங்கள். வழியே இல்லை, போர்டிங்தான் என்றால், காட்டும் அறையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். இப்போது அங்கே தங்கியிருக்கும் பூனைகளைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். பின்பக்கத்தையும் பாருங்கள். ஊரில் இருக்கும் நண்பர் ஒருவர் எந்த நேரமும் சொல்லாமல் வருவார் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். அதற்குத் தயங்கினால் வேறு இடம் பாருங்கள்.

இந்த நிமிடம் உங்கள் பூனை எங்காவது விடப்பட்டிருந்தால், போன் போட்டு ஒன்றை மட்டும் கேளுங்கள்: இன்று சிறுநீர் போனதா, மணல் தட்டை வீடியோ காலில் காட்டுங்கள். இழுத்தடித்தால் நாளை வரை காத்திருக்காமல் யாரையாவது உடனே அனுப்புங்கள்.