‘சுத்தச் செம்புப் பூவாளி’ என்று நம்பி 3,450 ரூபாய் போனது, நீங்களாவது ஏமாறாதீர்கள்

இன்று காலை ஒரு மெயில் வந்தது: ‘உங்கள் புகார் தீர்க்கப்பட்டது.’ எதைத் தீர்த்தார்கள்? என் 3,450 ரூபாய் போனது போனதுதான். அந்தக் கோபம் அடங்குவதற்குள் எழுதுகிறேன். வீட்டுக்குள் செடி வளர்க்கிறவர்கள் முழுசாகப் படியுங்கள். எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்றும் கடைசியில் சொல்கிறேன்.

ஹாலில் பீஸ் லில்லி, மணி பிளாண்ட் என்று பதினாலு தொட்டி வைத்திருக்கிறேன். சொம்பால் ஊற்றினால் மண் தெறித்துச் சுவரெல்லாம் கறை. கெண்டி மாதிரி நீண்ட மூக்குள்ள பூவாளி என்றால் இலையை ஒதுக்கி வேரடியிலேயே விடலாம். பிளாஸ்டிக்கில் மலிவாகக் கிடைக்கும், தெரியும். ஆனால் செம்பில் ஒன்று வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை.

கைவினைப் பொருட்கள் விற்கிற ஒரு ஆன்லைன் தளத்தில் பார்த்தேன். ‘சுத்தச் செம்பு, கையால் அடித்தது, 1 லிட்டர், எடை 900 கிராம்.’ அதன் கீழே, பஞ்சாபின் ஜண்டியாலா குருவில் தட்டேரா கைவினைஞர்கள் செய்தது என்று போட்டிருந்தது. அங்கேதான் விழுந்தேன். அவர்களுடைய பித்தளை, செம்புப் பாத்திரத் தொழிலை 2014-இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததைப் படித்திருக்கிறேன். தகட்டைச் சூடாக்கி, சுத்தியலால் தட்டித் தட்டியே வடிவம் கொண்டுவருகிற வேலை அது. ஒரு பெரியவர் தட்டுகிற வீடியோவும் இருந்தது. ஆனாலும் விற்பவரிடம் கேட்டேன்: “நிஜமாகவே செம்புதானா? முலாம் இல்லையே?” உடனே பதில் வந்தது: “நூறு சதவீதம் செம்பு மேடம். எங்க தாத்தா காலத்துத் தொழில். நீங்க எங்க அக்கா மாதிரி, உங்களை ஏமாத்துவோமா?”

அக்கா என்றதும் மனசு இளகிவிட்டது. அந்த நிமிடமே 3,450 ரூபாய் கட்டினேன்.

வந்த பூவாளி பளபளவென்றுதான் இருந்தது. தூக்கும்போது லேசாக இருக்கிறதே என்று தோன்றியது, விட்டுவிட்டேன். ஒவ்வொரு முறையும் மிச்சத் தண்ணீரைக் கொட்டி, துணியால் துடைத்து, கவிழ்த்துத்தான் வைத்தேன். பன்னிரண்டாம் நாள் மங்கலாகத் தெரிந்தது. செம்புக்குச் செய்வதுபோல் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தேன். புளியோடு சேர்ந்து நிறமே கழன்றது! அடியில் வெள்ளைத் தகடு. மூன்று நாள் கழித்து மூக்கு ஒட்டிய இடத்திலிருந்து துருத்தண்ணீர் ஒழுகி, பீஸ் லில்லியின் வெள்ளைப் பூவெல்லாம் கறை. ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்து வைத்தேன், கப்பென்று பிடித்துக்கொண்டது. செம்பிலோ பித்தளையிலோ காந்தம் ஒட்டாது.

எங்கள் தெருப் பாத்திரக்கடை அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். தராசில் 460 கிராம். “இரும்புத் தகடும்மா, மேல முலாம் பூசியிருக்கான். பள்ளமெல்லாம் ஒரே அளவுல, ஒரே வரிசையில இருக்கு பாருங்க. அச்சுல அழுத்தினது” என்றார். சுத்தியலே படாத பொருளை, உண்மையில் தட்டிப் பிழைக்கிற மனிதர்களின் பெயரைச் சொல்லி விற்றிருக்கிறான். எனக்குப் பணத்தைவிட அதுதான் தாங்கவில்லை.

அப்புறம் அலைக்கழிப்பு. ‘செம்பு நிறம் மாறுவது இயற்கை’ என்றான். செம்பு கறுக்கும், பச்சையாகக் களிம்பு பிடிக்கும். செம்மண் நிறத்தில் துரு பிடிக்குமா? அடுத்து, ‘உங்க ஊர்த் தண்ணி உப்பு.’ அதற்கும் அடுத்து, ‘புளி போட்டீங்களா, அப்போ வாரண்டி கிடையாது.’ பிறகு என் எண்ணையே பிளாக் செய்துவிட்டான். தளத்துக்கு போன் செய்தால் நாற்பது நிமிடம் பாட்டு, கடைசியில் ‘விற்றவரிடம் பேசுங்க.’ திருப்பி அனுப்ப 7 நாள்தானாம், அது முடிந்துவிட்டதாம். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி புகாரைப் பெற்றதை 48 மணி நேரத்தில் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். மூன்றாவது மெயிலில் இதை எழுதிய பிறகுதான் ‘தீர்க்கப்பட்டது’ என்று பதில் வந்தது. 3,450 ரூபாயில் ஒரு பைசா வரவில்லை.

சரி, சொன்னபடி: பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள். அன்றைக்கே காந்தம் வையுங்கள், பிடியில் இல்லை, உடம்பில். ஒட்டவில்லை என்றாலும் நம்பாதீர்கள், அலுமினியத்திலும் ஒட்டாது. எடை போட்டுப் பாருங்கள். திருப்பி அனுப்பும் நாள் தாண்டும் வரை என்னைப்போல் அழகு பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள். நுகர்வோர் உதவி எண் 1915, நான் இப்போது அங்கேதான் பேசப்போகிறேன்.