ஆனர்ஸா, பட்டயமா, வேலையா? தென்னாப்பிரிக்காவில் இளங்கலைக்குப் பின் வரும் ஓராண்டு

தென்னாப்பிரிக்காவில் ஆனர்ஸ் என்பது மூன்றாண்டு இளங்கலைக்குள் அடங்கிய சிறப்புப் பிரிவு அன்று. இளங்கலையை முடித்தபின் தனியே விண்ணப்பித்து, தனியே கட்டணம் செலுத்திப் படிக்க வேண்டிய மற்றொரு பட்டம். மொரீஷியஸில் உறவினர் பிள்ளைகள் முதற்பட்டத்தையே ஆனர்ஸாகப் பெற்றுவிடுகிறார்களே, நம் பிள்ளைக்கு மட்டும் ஏன் இன்னும் ஓராண்டு என்று டர்பனிலும் இந்திய வம்சாவளியினர் வாழும் அதன் புறநகரான சாட்ஸ்வர்த்திலும் பெற்றோர் கேட்பதற்கு இந்த அமைப்பு வேறுபாடே காரணம். பொறியியல், சட்டம் போன்ற நான்காண்டுத் தொழிற்படிப்புகளில் சேர்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வி எழுவதில்லை.

ஆனர்ஸுக்கு நேரான போட்டி பட்டமேற்படிப்புப் பட்டயம். கல்வித் தகுதிகளைப் படிநிலைகளாக வரிசைப்படுத்தும் தேசியத் தகுதிச் சட்டகத்தில் மூன்றாண்டு இளங்கலை 7ஆம் நிலையில் இருக்க, இவ்விரண்டும் 8ஆம் நிலையில் நிற்கின்றன. இரண்டுக்கும் குறைந்தது 120 கிரெடிட் வேண்டும். ஒரு கிரெடிட்டுக்குப் பத்து மணி நேர உழைப்பு என்ற கணக்கில் இது 1,200 மணி நேரமாகிறது. வேறுபாடு ஆய்வில்தான் இருக்கிறது. ஆனர்ஸில் குறைந்தது 30 கிரெடிட், அதாவது ஏறத்தாழ 300 மணி நேரம், நெறியாளர் ஒருவரின் கீழ் செய்யும் ஆய்வுக்கு ஒதுக்கப்பட்டாக வேண்டும்; பட்டயத்தில் ஆய்வு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். தாளில் சிறிதாகத் தெரியும் இந்த 300 மணி நேரமே ஆண்டு முழுவதையும் விழுங்கிவிடக்கூடியது. தலைப்பை வரையறுப்பது, நெறிமுறைக் குழுவின் ஒப்புதலுக்குக் காத்திருப்பது, தரவு திரட்டுவது, எழுதியதை மீண்டும் மீண்டும் திருத்துவது ஆகிய அனைத்தும் வகுப்புப் பாடங்களுக்கு இடையிலேயே நடக்க வேண்டும். இந்த வேலையில் மனம் ஒட்டாதவருக்கு ஆனர்ஸ் வெறும் பளு. ஒட்டியவருக்கோ, இளங்கலையின் மூன்றாண்டுகளிலும் கிடைக்காத பயிற்சி.

முதுகலைக்குச் செல்ல எண்ணுவோருக்கு ஆனர்ஸே நேரான வழி. விதிப்படி பட்டயமும் முதுகலைக்கு வாயிலாகலாம் என்றாலும், ஆய்வு செய்த அனுபவத்தைக் கேட்கும் துறைகளில் ஆனர்ஸ் படித்தவரின் கை ஓங்கியிருக்கும். உளவியலில் இது இன்னும் கூர்மையானது. உளவியலாளராகப் பதிவு செய்ய முதுகலை கட்டாயம். அதற்கு முன் ஆனர்ஸோ அதற்கு இணையான நான்காண்டுப் பட்டமோ வேண்டும். முதுகலை இடங்களோ மிகக் குறைவு என்பதால், ஆனர்ஸ் முடித்தும் வெளியே நிற்போர் பலர். இதைத் தெரிந்துகொண்டே அதில் இறங்க வேண்டும்.

கணக்கியலில் நிலைமை வேறு. பட்டயக் கணக்காளர் ஆக விரும்புவோருக்கு இளங்கலைக்குப் பின் தேவைப்படும் ஓராண்டுப் படிப்பைச் சில பல்கலைக்கழகங்கள் ஆனர்ஸ் என்றும் சில பட்டயம் என்றும் வழங்குகின்றன. தொழில்முறைத் தேர்வுக்கு அனுமதிக்கும் அங்கீகாரம் அந்தப் படிப்புக்கு உண்டா என்பதே அங்கு முக்கியம், பெயர் அன்று. ஆசிரியராக விரும்பும் பட்டதாரிக்கு ஆனர்ஸைவிட ஓராண்டு ஆசிரியப் பயிற்சிச் சான்றிதழே பயன்படும். ஆசிரியப் பயிற்சிக்கு அரசு தரும் ஃபுன்சா லுஷாகா உதவித்தொகை கிடைத்தால் செலவும் குறையும், ஆனால் அரசுப் பள்ளியில் பணியாற்றும் கடப்பாடு உண்டு.

பலரை இடறவைப்பது பணமே. 2018 முதல், ஆண்டுக்கு 3,50,000 ரேண்டுக்கு மேற்படாத வருமானமுள்ள குடும்பத்துப் பிள்ளைகளின் முதற்பட்டச் செலவை ஏற்றுவரும் தேசிய மாணவர் நிதியுதவித் திட்டம், ஆனர்ஸுக்குப் பொதுவாகக் கைகொடுப்பதில்லை. தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையின் உதவித்தொகை உண்டு என்றாலும் அதற்குப் போட்டி கடுமையானது. ஆகவே, அதுவரை கட்டணக் கவலையின்றிப் படித்த மாணவர் நான்காம் ஆண்டில் திடீரென்று வங்கிக் கடனை நாட நேர்கிறது. இத்தகைய நிலையில், வேலையில் சேர்ந்துகொண்டு தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகமான யுனிசாவில் தொலைநிலைக் கல்வியாக ஆனர்ஸைச் சில ஆண்டுகளில் முடிப்பதே எனக்கு நேர்மையான தேர்வாகத் தோன்றுகிறது. அதற்கும் விலை உண்டு: நெறியாளரோடு நேரில் அமர்ந்து பேசும் வாய்ப்பு குறையும், தன்னைத்தானே விரட்டிக்கொள்ளத் தெரிந்திருக்க வேண்டும்.

1961இல் நிறவெறி அரசு இந்திய வம்சாவளி மாணவர்களை டர்பன் துறைமுகத்தின் சாலிஸ்பரி தீவுக் கல்லூரிக்குள் ஒதுக்கிவைத்த காலத்தை நினைவில் வைத்திருக்கும் குடும்பங்களில், கிடைக்கும் பட்டம் எதையும் விட்டுவிடக் கூடாது என்ற எண்ணம் வேரூன்றியிருப்பது இயல்பே. அந்த எண்ணத்தை மதிக்கிறேன். ஆயினும், அடுத்து எந்தக் கதவைத் திறக்கப்போகிறோம் என்று தெரியாமல், வேலை கிடைக்கவில்லை என்பதற்காக மட்டும் ஆனர்ஸில் சேர்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். முதல் வேலைக்கு இளங்கலையே போதும் என்னும் துறைகளில் ஓராண்டு பணி அனுபவம் ஓராண்டு ஆய்வேட்டை எளிதாக முந்திவிடும். வெளிநாட்டில், குறிப்பாக நான்காண்டுப் பட்டத்தை எதிர்பார்க்கும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில், மேற்படிப்பை நாடுவோர் மட்டும் இதற்கு விலக்கு. அவர்களுக்கு ஆனர்ஸ் அந்த நான்காம் ஆண்டை நிறைவு செய்கிறது.

சேரத் தீர்மானித்தவர் மூன்றாம் ஆண்டின் இறுதித் தேர்வு முடிவுக்குக் காத்திருக்கலாகாது. பல துறைகளில் விண்ணப்பக் கெடு அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. துறை அலுவலகத்தில் கேட்க வேண்டியவை இரண்டு: வரும் ஆண்டில் ஆனர்ஸ் மாணவர்களுக்கு நெறியாளராக இருக்கப்போகிறவர்கள் யார், சென்ற ஆண்டு முடித்தவர்களில் எத்தனை பேர் முதுகலையில் சேர்ந்தார்கள்.