நிமிடத்துக்கு விலையா, கவனத்துக்கு விலையா: மினிடெல்லும் விளம்பர இணையமும்

தகவல் தொடர்பு சரக்காகும்போது, எதை அளந்து விற்கிறோம் என்பதுதான் முக்கியம்.

பிரான்சின் மினிடெல், தொலைபேசி இணைப்பில் இயங்கிய திரைத் தகவல் சேவை; அது நேரத்தை அளந்தது. திரையும் விசைப்பலகையும் கொண்ட முனையம் இலவசம். 1984-ல் வந்த கியோஸ்க் என்ற கட்டண முறையில் 3615 என்ற எண்ணை அழைத்துச் சேவையின் பெயரைத் தட்டினால் மீட்டர் ஓடத் தொடங்கும். கட்டணம் தொலைபேசி பில்லில் சேரும்; அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சேவை நடத்துபவருக்கு. கடன் அட்டை வேண்டாம். சேவை நடத்துபவருக்கு வாடிக்கையாளரின் பெயர்கூடத் தெரியாது. இன்றைக்கு இழந்துவிட்ட பெரிய வசதி இது.

கோளாறும் அந்த மீட்டரில்தான். வேகம் நொடிக்கு 1200 பிட். எழுத்துக்கு 10 பிட் என்றால் நொடிக்கு 120 எழுத்து. வரிக்கு 40 எழுத்து, 24 வரி கொண்ட திரை முழுதாக நிரம்ப 8 நொடி. தாமதமே வருமானம். அரட்டைச் சேவைகள் பேச்சை இழுத்தடிக்கக் கூலிக்கு ஆள் வைத்தன. அலுவலகத் தொலைபேசிகளில் பில் எகிறியது.

விளம்பர இணையத்தில் வாசகர் காசு கொடுப்பதில்லை. பக்கம் திறக்கும் கணத்தில் அவர் பார்வை ஏலம் போகிறது. விலை ஆயிரம் காட்சிக்கு அல்லது ஒரு சொடுக்குக்கு. தளங்களில் விளம்பரம் காட்டும் தன் ஆட்சென்ஸ் சேவையில் தளத்துக்கு 68 சதவீதம் என்று கூகுள் 2010-ல் அறிவித்தது. இரண்டு முறையிலும் பங்கு ஏறக்குறைய ஒரே அளவுதான். ஆனால் ஏலத்தில் நல்ல விலை கிடைக்க, பார்ப்பவர் யார் என்று தெரிந்தாக வேண்டும். ஆகவே குக்கி (உலாவியில் தளம் பதிக்கும் அடையாளக் குறிப்பு), இருப்பிடம், தேடல் வரலாறு எல்லாம் சேகரிக்கப்படுகின்றன.

சிறு பத்திரிகைக்கு மினிடெல் முறையே நேர்மையானது: வாசகரே வாடிக்கையாளர். 2012 ஜூன் 30 அன்று அது நிறுத்தப்பட்டது.