ஓக்மான்ட் கோல்ஃப் மைதானம்: மரம் போனதும் நிலம் தெரிகிறது

அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் பக்கத்தில் இருக்கிற ஓக்மான்ட் மைதானத்தைப் பற்றி யார் கேட்டாலும் நான் சொல்வது ஒன்றுதான்: கோல்ஃப் ஆடத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அங்கே மரங்களை எடுத்ததில் என்ன கிடைத்திருக்கிறது என்று பார்ப்பதற்காகவே ஒரு தடவை போய் வாருங்கள். உறுப்பினர்களுக்கு மட்டுமான கிளப், அதனால் நம்மைப் போன்றவர்கள் உள்ளே நுழைய வேண்டுமென்றால் பெரிய போட்டி நடக்கும்போது டிக்கெட் வாங்கித்தான் போக வேண்டும். நான் போனது அமெரிக்காவின் பெரிய கோல்ஃப் போட்டியான யு.எஸ். ஓபனின் 2025ஆம் ஆண்டு முதல் நாள், வியாழக்கிழமை. பென் ஹில்ஸ் வெங்கடேஸ்வரா கோயிலுக்கு வந்துபோகிற நம் ஊர்க்காரர்களுக்கு அது பக்கத்து ஊர் மாதிரிதான்.

உள்ளே போய் கிளப் கட்டடம் இருக்கிற மேட்டில் நின்றால் கிட்டத்தட்ட மைதானம் முழுவதும் ஒரே பார்வையில் விரிகிறது. எந்த ஹோலில் (பந்தை அடிக்கத் தொடங்கும் இடத்திலிருந்து குழி வரைக்குமான ஒரு பகுதி) யார் ஆடுகிறார்கள், எங்கே கைதட்டல், எந்தக் கொடி காற்றில் எப்படி அடிக்கிறது, எல்லாமே தெரிகிறது. வேறு மைதானங்களில் போட்டி பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும், ஏனென்றால் அங்கெல்லாம் இரண்டு பக்கமும் மரச்சுவர், நடுவில் ஒரு சந்து, அடுத்த ஹோலில் என்ன நடக்கிறது என்பது சத்தத்தை வைத்து ஊகிக்க வேண்டிய விஷயம்.

இந்தத் திறந்தவெளி புதிதாக வந்ததில்லை, இதுதான் பழைய ஓக்மான்ட். ஹென்றி ஃபௌன்ஸ் என்கிற இரும்புத் தொழிலதிபர் 1903இல் விவசாய நிலத்தை வாங்கி ஸ்காட்லாந்துக் கடற்கரை மைதானங்களைப் போல மரமே இல்லாமல் அமைத்தார். தப்பாக அடித்தால் தண்டனை உண்டு என்பது அவருடைய கொள்கை, அந்தத் தண்டனையை மணல் குழிகளும் வடிகால் பள்ளங்களும் சாய்ந்த தரையும் கொடுத்தன. மரத்துக்கு அதில் வேலையே இல்லை. அப்புறம் 1960களில் ஒரு பத்திரிகைக் கட்டுரை மைதானத்தின் தோற்றத்தைக் கொஞ்சம் கடுமையாகச் சொல்லிவிட, கிளப்பில் இருந்தவர்களுக்கு ரோஷம் வந்து, அழகுபடுத்துகிறோம் என்று ஆயிரக்கணக்கில் நட்டார்கள். முப்பது வருடத்தில் கன்று எல்லாம் காடாகிவிட்டது. 1994இல் எர்னி எல்ஸ் ஜெயித்த யு.எஸ். ஓபன் படங்களைப் பார்த்தால் வேறு ஏதோ ஊர் மைதானம் என்றுதான் தோன்றும்.

வெட்டிய கதை இன்னும் சுவாரசியம். 1990களில் உறுப்பினர்களுக்குத் தெரியாமல், விடிவதற்கு முன்னால், வண்டி விளக்கு வெளிச்சத்தில் மைதானப் பணியாளர்கள் ஒவ்வொன்றாக வெட்டினார்கள். வெட்டினது மட்டுமில்லை, அடிக்கட்டையைத் தோண்டி எடுத்து, மரத்தூளைக் கூட்டி அள்ளி, மேலே புல்பாளம் பதித்து, முதல் ஆட்டக்காரர் வருவதற்குள் அங்கே மரமே இருந்ததில்லை என்கிற மாதிரி ஆக்கிவிடுவார்களாம். விஷயம் வெளியே வந்ததும் கிளப் இரண்டாகப் பிளந்து பெரிய சண்டை. அப்படியும் நிறுத்தவில்லை, 2007 யு.எஸ். ஓபனுக்குள் சுமார் 5,000 மரங்கள் போயிருந்தன, அதற்குப் பிறகும் இன்னும் பல ஆயிரம். உறுப்பினர்களிடம் மறைத்தது சரியில்லை என்பதுதான் என் எண்ணம், பணம் கட்டுகிறவர்களிடம் சொல்லிவிட்டுச் செய்திருக்க வேண்டும். ஆனால் செய்த வேலை சரியான வேலை.

மரம் வெட்டுவதைப் போய் பாராட்டுகிறாயே என்று கேட்பவர்கள் இருப்பார்கள், நியாயமான கேள்வி. மரத்தை நட்டுக் காப்பாற்று என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். ஆனால் இது இயற்கைக் காடு இல்லை, புல் வளர்க்க வேண்டிய இடத்தில் அலங்காரத்துக்கு வைத்தது. காலை வெயில் தடுக்கப்பட்டால் கிரீனில், அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையில், ஈரம் காயாது, காற்றோட்டம் இல்லையென்றால் பூஞ்சை பிடிக்கும், வேர் தண்ணீரையும் சத்தையும் இழுத்துக்கொள்ளும். தரை சொதசொதவென்று இருந்தால் பந்து விழுந்த இடத்திலேயே நின்றுவிடும். பந்து உருண்டு ஓட வேண்டும் என்று கணக்குப் போட்டு அமைத்த மைதானத்தில் பந்து உருளாவிட்டால் அமைப்பே பாழ்.

அதை முதல் ஹோலிலேயே கண்ணால் பார்க்கலாம். அந்த கிரீன் முன்னாலிருந்து பின்பக்கமாகச் சரிகிறது, அதனால் நேரே கொடிக்கு அடித்தால் பந்து தாண்டி ஓடிவிடும். விவரம் தெரிந்தவர்கள் கிரீனுக்கு முன்னாலேயே ஃபேர்வேயில் (கிரீன் வரை போகிற சீராக வெட்டிய புல்வெளி) பந்தை இறக்கினார்கள், அது இரண்டு குதி குதித்து, வேகம் குறைந்து, சரிவில் மெதுவாக வளைந்து போய்க் கொடிப்பக்கம் நின்றது. காய்ந்து இறுகிய தரை இருந்தால்தான் இது நடக்கும். இங்கே கிரீன்களின் வேகம் ஊரறிந்தது, 1935 யு.எஸ். ஓபனில் பந்து கிரீனை விட்டே ஓடியதைப் பார்த்துத்தான் ஸ்டிம்ப்சன் என்பவர் கிரீன் வேகத்தை அளக்கிற கருவியையே செய்தார்.

அப்புறம் சர்ச் பியூஸ். 3ஆவது, 4ஆவது ஹோல்களுக்கு நடுவில் பெரிய மணல் பரப்பு, அதற்குள் தேவாலய பெஞ்சுகளை வரிசையாகப் போட்ட மாதிரி புல் வரப்புகள். டிவியில் படம் வரைந்தாற்போல அழகாகத் தெரியும், நேரில் போய் நின்றால் வயிற்றைக் கலக்கும். நான் பார்த்துக்கொண்டிருந்தபோது 4ஆவது ஹோலில் ஆடிய ஒருவருடைய பந்து வரப்பின் அடிவாரத்தில் ஒட்டிக்கொண்டது. ஒரு கால் மணலில், இன்னொரு கால் வரப்பின் மேல், உடம்பைக் கோணலாக வளைத்து நின்று பார்த்தார், இறங்கினார், மறுபடி ஏறினார், கடைசியில் கொடிப் பக்கமே திரும்பாமல் பக்கவாட்டில் வெளியே தட்டிவிட்டார். இதே 4ஆவது ஹோலில் அன்றைக்குத்தான் பேட்ரிக் ரீட் 286 கஜத்திலிருந்து நேராகக் குழிக்குள் போட்டு, ஹோலுக்குக் குறித்த எண்ணிக்கையைவிட மூன்று அடி குறைவாக முடிக்கிற ஆல்பட்ராஸ் எடுத்தார். ஒரே ஹோல், இரண்டு விதி.

2023இல் கில் ஹான்ஸ் என்கிற மைதான வடிவமைப்பாளர் செய்த மறுசீரமைப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய புகைப்படங்களைப் பார்த்து, வருடக்கணக்கில் சுருங்கிப்போன கிரீன்களை ஓரம்வரை விரித்து, மணல் குழிகளைத் திருத்தியிருக்கிறார். ஓரங்களில் கொடி வைக்க இடம் கிடைத்திருக்கிறது. வேலை செய்த தடமே தெரியவில்லை, எனக்கு அதுதான் பிடித்தது.

பார்க்கப் போகிறவர்களுக்கு: நிழல் கிடையாது. ஜூன் வெயிலில் தொப்பியும் சன்ஸ்கிரீனும் கண்டிப்பாக வேண்டும், வயதானவர்களை அழைத்துப் போனால் அரங்கப் பக்கமாக ஓரிடத்தில் உட்கார வைத்துவிடுங்கள். மைதானத்தின் நடுவே நெடுஞ்சாலை ஓடுகிறது, 2 முதல் 8 வரையிலான ஹோல்கள் அதற்கு அந்தப் பக்கம், பாலம் ஏறித்தான் போக வேண்டும். காலையிலேயே அங்கே போய்விட்டு மதியம் திரும்பி வருவது நல்லது. 8ஆவது பார் 3, அதாவது மூன்று அடியில் முடிக்க வேண்டிய ஹோல், நீளம் 289 கஜம், அதை விட்டுவிடாதீர்கள்.

எல்லா மைதானமும் ஓக்மான்ட்டைப் பார்த்துக் கோடாலியைத் தூக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மரங்களை வைத்தே வடிவமைத்த இடங்கள் இருக்கின்றன, தென் கரோலினாவில் இருக்கிற ஹார்பர் டவுன் அப்படித்தான், அங்கே கை வைத்தால் அந்த மைதானமே காணாமல் போகும். முதலில் அமைத்தவர் என்ன நினைத்தார் என்பதற்குப் படமோ வரைபடமோ கையில் இருந்து, அதோடு ஒத்துப்பார்த்துச் செய்தால்தான் மறுசீரமைப்பு. சும்மா மொட்டையடிப்பதற்கு அந்தப் பெயர் பொருந்தாது.

மரம் போனால் ஆட்டம் சுலபமாகிவிடுமே என்று பயந்தவர்களுக்கு 2025 முடிவே போதும். நாலு நாள் முடிவில் பாருக்குக் கீழே இருந்தது ஜே.ஜே. ஸ்பான் ஒருவர்தான், அதுவும் ஒன்றே ஒன்று, கடைசி ஹோலில் கிரீனில் 64 அடி தூரத்திலிருந்து உருட்டிய பந்து குழிக்குள் போனதால். அடுத்து 2028இல் இங்கே பெண்கள் யு.எஸ். ஓபன் வருகிறது. முடிந்தால் பயிற்சி நாளுக்கு டிக்கெட் எடுங்கள், கூட்டம் குறைவாக இருக்கும், கயிற்றோரம் நின்று நிதானமாகப் பார்க்கலாம்.